நட்சத்திரத்தில் அப்பிய சந்தனம்

செஞ்சியில் குங்குமம் பாக்கெட் போடும் கொட்டகை ஒன்றில் ஆறு வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். மோட்டார் நிற்காமல் சுற்றும். அதோடு சுற்றும் தட்டில் ஒரு முளை. எதிரே நான்கு வெட்டு உள்ள சக்கரம். அதை நட்சத்திரம் என்போம். முளை ஒரு வெட்டுக்குள் நுழைந்து, சக்கரத்தைக் கால் சுற்று தள்ளிவிட்டு வெளியே வந்துவிடும். மறுபடி அது வரும்வரை நட்சத்திரம் அசையாது. அந்த நேரத்தில்தான் குங்குமம் விழுந்து பாக்கெட்டின் வாய் ஒட்டும். நாளெல்லாம் நின்று கால் வீங்கும்போது அந்தச் சக்கரத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். சுற்றுக்குச் சுற்று அதற்கு ஓய்வு கிடைக்கிறது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுவோம். வைப்பது எப்போதும் சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வரும் பெண்தான், பாக்கெட்டுகளை அடுக்குகிறவள். அந்த வாரம் அவள் கற்பூரம் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். எனக்கோ வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. துடைப்பதற்காக நட்சத்திரத்தை மறைக்கும் மூடியைக் கழற்றியிருந்தேன். மூடியின் மேல் வைக்க வேண்டிய சந்தனத்தைக் கெட்டியாக எடுத்து நட்சத்திரத்திலேயே அப்பி, மூடியை மாட்டிவிட்டேன்.

காலையில் அது வெட்டுக்குள் கட்டியாகக் காய்ந்திருந்தது. சுவிட்சைப் போட்டதும் முளை முட்டி வளைந்துவிட்டது. மேல்மலையனூர் கோயிலின் அமாவாசைக் கூட்டத்துக்குச் சரக்கு அனுப்ப இரண்டே நாள் இருந்தது.

முதலாளி வந்து வெட்டைச் சுரண்டிப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா, பொட்டு வெக்க வேற எடமே கெடைக்கலியா?"

"நான் வெக்கல சார்" என்றவள் என்னைப் பார்த்தாள். நான் வளைந்த முளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

"நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி போனாள்.

முளையை மாற்றி, அமாவாசைச் சரக்கை முடித்து அனுப்பினோம். உடம்பில் தெம்பே இல்லை. படுத்தாலும் தூக்கம் வரவில்லை. கடைசியில் முதலாளியிடம் போய் நின்றேன்.

"சார், அந்தப் பொட்ட வெச்சது நான்தான். அவள திரும்பக் கூப்டுங்க."

அவர் செல்போனிலிருந்து நிமிரவில்லை.

"தெரியும். அந்த மூடியக் கழட்டத் தெரிஞ்சவ நீ ஒருத்திதானே. உன்ன அனுப்பிட்டா மெஷின யாரு ஓட்டுறது? அடுக்குறதுக்கு யார் வேணா வருவாங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்போதே வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாம். மறுநாள் எட்டு மணிக்குப் போய் சுவிட்சைப் போட்டேன்.