பால்துரையின் மூன்று நடை

பால்துரையை நல்லவர் என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள். நான் அவ்வளவு சீக்கிரம் சொல்ல மாட்டேன். உதவி செய்கிறவர்தான். அந்த உதவியின் பாரம் யார் தலையில் இறங்கும் என்று யோசிக்காதவர்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர், வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பத்து வருஷம் பஸ்ஸில் போய்வந்தார். மின்சார ஸ்கூட்டர் வாங்கியதும் பஸ்ஸை மறந்தார். நடந்தே போன டீக்கடைக்கும் வண்டியில்தான். "கரண்டு வண்டிதானே, என்ன கொறஞ்சிரும்?" என்பார். புகையும் சத்தமும் இல்லாததாலேயே அது செலவாகத் தோன்றவில்லை போலும்.

அன்று புரட்டாசி சனிக்கிழமை. அவர் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பக்கத்து வீட்டுச் செல்லக்கனி குடும்பம் ஊருக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்கக் கிளம்பி, ஆட்டோ கிடைக்காமல் தெருவில் நின்றதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. விடிந்ததும் ஒவ்வொருவராக மூன்று நடை அடித்து மலையடிவாரத்தில் இறக்கினார். காலை ஒன்பது மணிக்குள் மனைவி அருள்செல்வி ராஜபாளையத்தில் தேர்வு மையத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவருக்கு நினைவிருந்தது. சார்ஜ்தான் நினைவில்லை. வயது வரம்பின்படி அரசு வேலைக்கு அவள் எழுதக்கூடிய கடைசித் தேர்வு அது.

எட்டேகாலுக்குக் கிளம்பும்போது இருபது சதவீதம் காட்டியது. பதற்றத்தில் முழு வேகத்தில் விட்டார். பாதி வழியில் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார்.

"எம்புட்டு காட்டுது?" என்றாள் அருள்செல்வி.

"போயிரலாம்."

"எம்புட்டுன்னு கேட்டேன்."

"நாலு."

"காலையில பெருமாளையும் நீங்கதான் மலைக்கு ஏத்திவிட்டியளோ?"

"பாவம், அவிய வண்டி கெடைக்காம நின்னாவ..."

"இப்ப நான்லா நிக்கப்போறேன்!"

பின்னால் டவுன் பஸ் வந்தது. ஊர்ந்த வண்டியிலிருந்து குதித்து, ஹால் டிக்கெட்டைத் தூக்கிக் காட்டி நடுரோட்டில் நின்றாள். பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"இது என்ன ஸ்டாப்பாம்மா? சாவுறதுக்கு வேற பஸ்ஸே கெடைக்கலியா?" என்றார் கண்டக்டர்.

"பரீச்சைண்ணே! ஒம்போதுக்குக் கேட்ட சாத்திருவாவ!"

"ஏறு, ஏறு."

அவள் போன கொஞ்ச தூரத்தில் ஸ்கூட்டர் முழுதாக நின்றது. பால்துரை அதை ஒரு தென்னந்தோப்பு ஓரம் தள்ளி நிறுத்திவிட்டுப் போன் போட்டார். எட்டு ஐம்பத்தைந்துக்கு மணி அடித்தது, எடுக்கவில்லை. ஒன்பதுக்கும் அடித்தது. உள்ளே விட்டிருந்தால் போனை அணைத்து வாங்கி வைத்திருப்பார்களே என்று மறுபடியும் போட்டார். ஒன்பது மூன்றுக்கு, சுவிட்ச் ஆஃப். உள்ளே போய்விட்டாளா, கோபத்தில் அணைத்துவிட்டாளா? மூன்றரை மணி நேரம் அவர் அந்தத் தோப்பை விட்டு நகரவில்லை.

பன்னிரண்டரைக்கு அவளே கூப்பிட்டாள்.

"நான் நொழைஞ்சதும் கேட்ட சாத்திட்டாவ. எனக்குப் பின்னால வந்த பிள்ளைய உள்ள விடல. வெளியில நின்னு அழுதா."

"எழுதிட்டல்லா?"

"எழுதுனேன். பதட்டத்துல ஒரே கேள்வியத் திரும்பத் திரும்ப வாசிச்சே அரைமணி நேரம் போயிருச்சு. கடைசி இருவது கேள்விக்கு வரவே முடியல."