பெருமாயிக்குக் கண் தெரிந்தபோது

கண்ணில் விடுகிற சொட்டு மருந்து எப்படித் தொண்டையில் வந்து கசக்கிறதோ, எனக்கு விளங்கவில்லை. போன வாரம்தான் புரை எடுத்தார்கள். அந்தக் கசப்பு இறங்கும்போதெல்லாம் கொல்லிமலை ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரு வேனில் நான் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கியதும்தான்.

அப்போது மலைமேல் பைல் நாடு என்கிற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, முதல் வேலை. கீழே டவுனிலிருந்து ஒரு சேவைச் சங்கத்தார் கண் முகாம் நடத்த வந்தார்கள். டாக்டரும் வேனும் அவர்கள் பொறுப்பு. ஆள் திரட்டுவது எங்கள் பொறுப்பு. எங்கள் என்றால் ஜீப் ஓட்டும் தங்கராசு, அவன் சேக்காளிகள் நாலைந்து பேர், கூட நான். கண்ணைப் பிடுங்கிவிட்டு ஆட்டுக் கண்ணை வைத்துவிடுவார்கள் என்று மலையெல்லாம் பேச்சு. தங்கராசு வீடு வீடாகப் போய்ச் சத்தியம் செய்தான்.

அப்படிச் சம்மதித்தவர்களில் ஒருத்தி பெருமாயி. இரண்டு கண்ணும் மங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன் சடையன் ஒரு கம்பின் நுனியை அவளிடம் கொடுத்து, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். வாய் ஓயாது. "மொளகு பழுத்துருச்சு பெருமா. மேக்கால கறுக்குது. பாறை வருது, கால எட்டி வையி." சந்தைக்கு வரும் வழியெல்லாம் அந்தக் குரல்தான். ரேடியோ வருகிறது என்று கேலி செய்வோம்.

மாடுகளை விட்டு வரமுடியாமல் சடையன் தங்கிவிட்டார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள நான் வேனில் ஏறினேன். மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். பெருமாயிதான் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். பார்த்துக்கொண்ட லட்சணம் அது!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு அவள் மலையில் வந்து இறங்கினாள். ஊரே கூடியிருந்தது, சங்கத்தார் கைதட்டினார்கள். சடையன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தார். பெருமாயி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வேற்று ஆம்பளைக்கு விடுவதுபோல் ஒதுங்கி வழிவிட்டாள்.

"அட, நாந்தான் பெருமா!"

குரலைக் கேட்டதும் அவள் கண்ணை இறுக்க மூடினாள். "ஆமா, அவருதான்." திறந்து பார்த்தாள். "அப்ப இது யாருங்க?"

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம்.

மறுநாள் சடையன் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார். "ஏனுங்க டீச்சரு, நான் அத்தன கெழடாயிட்டனுங்களா?"

தாடியை எடுத்துப் பாருங்கள் என்றேன். பெரிய யோசனைக்காரி! மழித்துக்கொண்டு போனார், முதல் நாள் பார்த்த ஆளும் இவர் இல்லையே என்று அவள் இன்னும் குழம்பினாள். தங்கராசு சோறு தண்ணியில்லாமல் அலைந்தான். "கூட்டிட்டுப் போனது நாமதானுங்க டீச்சர். நல்லது பண்ணுனமா, கெட்டது பண்ணுனமா?" என்று கேட்டான்.

முகம் பழகத்தான் செய்தது. கொஞ்ச நாளில் இருவரும் சந்தைக்கு வந்தார்கள். அவள் கை வீசி முன்னால், அவர் பின்னால். "பள்ளம் வருது..." என்று ஆரம்பித்தார்.

"தெரியுதுங்க. இனி நீங்க எதுக்கு வாய் வலிக்கச் சொல்லோணும்?" பிரியமாகத்தான் சொன்னாள். அவர் நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம் மெல்ல மெல்ல அவர் பேச்சே குறைந்துபோனது. கோபமில்லை, சண்டையுமில்லை. சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இதை ஒரு குறையென்று யாரிடம் சொல்வது? அவள் தானே மிளகு பறித்தாள், பேத்திக்குப் பேன் பார்த்தாள், அரிசியில் கல் பொறுக்கினாள். முகாமே வேண்டாம் என்றா சொல்லமுடியும்? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு சங்கத்தார் வருவது நின்றது. தங்கராசின் சேக்காளிகள் திருப்பூருக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். நானும் மாற்றலாகிக் கீழே இறங்கிவிட்டேன். சமீபத்தில் தங்கராசு மகள் கல்யாணத்துக்குப் போனபோது பெருமாயியைப் பார்த்தேன். சடையன் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டதாம். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"மொகம் அப்படியே நிக்குது டீச்சரு," என்றாள். "கொரலுதான்... எப்படி இருந்துச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். வரமாட்டேங்குதுங்க."