வீட்டுக்கு அனுப்பாத எஸ்தர் அம்மாள்

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற வேளையில், தேனியிலிருந்து போடி வந்த, கரிப்புகையில் ஓடும் கரிகேஸ் பஸ்ஸின் கண்டக்டர் என்னைத் தேடி வந்தார். "டீச்சரம்மா, ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தரம்மா காலையில தவறிட்டாக. ஒங்களுக்குச் சொல்லச் சொன்னாக," என்றார். கரும்பலகையை அழிக்காமலே கிளம்பினேன்.

எஸ்தர் அம்மாளிடம் நான் முதலில் போனது நோயாளியாக. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. குழந்தையில்லை என்று என் கணவருக்கு வேறு பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அரளியைத் தின்றேன். தேவதானப்பட்டியிலிருந்து மாட்டுவண்டியில் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்களாம். கண் விழித்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தபடி அம்மாள் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் தின்றாய் என்று கேட்கவில்லை. "கஞ்சிக்கு உப்புப் போடவா, சீனி போடவா?" என்றுதான் கேட்டார்கள்.

நான்காம் நாள் டாக்டர், "பிழைச்சாச்சு, அனுப்பிரலாம்," என்றார்.

"நாடி இன்னும் தப்பித் தப்பி அடிக்குதுங்கய்யா," என்றார்கள் அம்மாள்.

டாக்டர் போனதும் நான் பயந்து நெஞ்சில் கை வைத்தேன். அம்மாள் சிரித்தார்கள்.

"ஒனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா. அரளி, அபினி, பாஷாணம்னு வருசம் பூரா வாராக. காப்பாத்திருவோம். அதே வாரம் அதே வீட்டுக்குத் திரும்புறவுகதான் ரெண்டாந்தரம் வாராக. அப்பப் பெரும்பாலும் பிழைக்கிறதில்ல. நான் பாத்துக்கிட்டேதான இருக்கேன்."

இப்படி நாடியின் மேல் பழி போட்டே எத்தனையோ பேரைப் பிடித்து வைத்தார்கள். கம்பத்துக்காரியையும் சின்னமனூர்க்காரியையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டுத்துணி சுருட்டச் சொல்லிப் பேச விடுவார்கள். சுருட்டியது கோணினால் மட்டும் கோபம் வரும். ஒருத்தியை அவள் தகப்பனார் சண்டை போட்டு அழைத்துப்போனார். பத்து நாளில் அவள் இறந்த செய்தி வந்தது. அன்று கட்டுத்துணி முழுவதையும் அம்மாளே உட்கார்ந்து சுருட்டினார்கள்.

என் கணவர் வந்தார். "வீட்டுல சோறு பொங்க ஆளில்ல. அனுப்பி வைங்கம்மா."

"எதுக்குத் தின்னுச்சுன்னு கேட்டியாய்யா?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"போய்க் கேட்டுட்டு வா. பெறகு பாப்போம்."

என் கட்டிலருகே வெகுநேரம் நின்றார். கேட்காமலே போனார், திரும்ப வரவில்லை. எட்டாவது வரை படித்திருந்த என்னை அம்மாளே ஆசிரியைப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள்.

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். திருநீறு பூசியவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்தவர்கள், தலை நரைத்தவர்கள். அம்மாளை எப்படித் தெரியும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொருவராக வந்து ஒரு பிடி மண் போட்டோம்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், அம்மா. நாங்கள் எல்லாரும் இருக்கிறோம்.