பேரைச் சொல்ல ஓர் இடம்: தி. நகர், மயிலாப்பூர், அடையாறு

மன அமைதிக்காகச் சென்னையில் ஒரே நாளில் போய்வர என்னென்ன கோயில்கள் இருக்கின்றன என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நான் அப்படிக் கிளம்பிப் போனது ஒரே ஒரு தடவைதான். மெட்ராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறிய புதிது. தை மாதம், ஒரு வியாழக்கிழமை. ஊர் இப்போது நிறைய மாறிவிட்டது, ஆனாலும் வழி அதேதான் என்பதால் எழுதுகிறேன்.

போன காரணம் எங்கள் மகள் சுகன்யா. ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்து இறந்துபோனாள். வருஷம் திரும்பும்வரை கோயிலுக்குப் போகக்கூடாது என்றார்கள். போகவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டு கிடக்கிற வருஷத்தில்தான் சாமியைப் பார்க்கக்கூடாது என்ற ஏற்பாட்டை யார் செய்தார்களோ தெரியாது, எனக்கு இன்னும் அதில் கோபம் உண்டு. வருஷம் திரும்பியதும் திதி கொடுப்பதைப் பற்றி எங்கள் ஐயரிடம் கேட்டேன். சின்னக் குழந்தைக்குத் திதி கிடையாது என்று தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

என் மனைவி சரசு அந்த ஒரு வருஷத்தில் மகள் பேரை வாயால் சொல்லவே இல்லை. அழவும் இல்லை. அவள் சொல்லாததால் நானும் சொல்லவில்லை. இப்படியே விட்டால் இவளுக்குப் புத்தி பேதலித்துவிடும், நாலு கோயிலுக்காவது கூட்டிக்கொண்டு போ என்று என் அக்காதான் பயமுறுத்தினாள்.

கே.கே. நகரிலிருந்து காலை ஆறரை மணி பஸ்ஸில் தி. நகர் வந்தோம். வெங்கட்நாராயணா சாலைப் பெருமாள் கோயிலில் கூட்டம் அதிகமில்லை. அரை மணி நேரத்தில் தரிசனம் முடிந்தது. சரசு ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல நின்றாள், தீர்த்தம் வாங்கினாள், வந்துவிட்டாள். பிரசாதப் பொங்கல் நன்றாக இருந்தது. அந்த மாதிரி நாளில்கூட இரண்டு தொன்னை சாப்பிட்டேன், வயிற்றுக்கு வெட்கம் கிடையாது.

அங்கிருந்து மயிலாப்பூர் ஐந்து கிலோமீட்டர் இருக்கும். மறுபடி பஸ். கபாலீஸ்வரர் கோயில் கோபுரத்தைத் தாண்டிய பிறகுதான் நான் செய்த மடத்தனம் எனக்கு உறைத்தது. பாம்பு கடித்து இறந்த ஒரு பெண்ணின் சாம்பலைத் தகப்பன் குடத்தில் வைத்துக் காத்திருந்தான், அவள் உயிரோடு எழுந்து வந்தாள் என்பது அந்தக் கோயிலின் தலபுராணம். அவளுக்கு அங்கே தனிச் சன்னதியே இருக்கிறது. சரசு நேராக அதன் முன்னால் போய் நின்றுவிட்டாள். கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. கையைப் பிடித்துத்தான் அழைத்துப்போக வேண்டியிருந்தது.

அம்பாள் சன்னதியில் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தோம். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். எங்கள் வீட்டில் எப்போதும் சரசுதான் சொல்வாள். நடராஜன், பூசம் என்றாள். சரஸ்வதி, மகம் என்றாள். பிறகு நிறுத்தாமல், "சுகன்யா, அவிட்டம்" என்றாள்.

குருக்களுக்கு என்ன தெரியும், பாவம். மூன்று பேருக்கும் ஆயுள், ஆரோக்கியம், ஐஸ்வர்யம் எல்லாம் பெருக வேண்டும் என்று கணீரென்று மந்திரம் சொன்னார். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்த முகத்தோடு, "கொழந்தைய அழச்சுண்டு வரலையா?" என்றார்.

"ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்றாள் சரசு.

வெளியே வந்து தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தோம். பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "தெரிஞ்சுதாங்க சொன்னேன். அங்க ஒருத்தி எழுந்து வந்திருக்கா இல்ல. சும்மா சொல்லிப் பாத்தேன்."

வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். அவள் வரமாட்டேன் என்றாள். வேறு வழியில்லாமல் அடையாறு ஆலமரத் தோட்டத்துக்கு ஆட்டோ கேட்டேன். டிரைவர் முப்பது ரூபாய் சொன்னார், மீட்டர் என்ற பேச்சே இல்லை. "இப்ப போய் இன்னா பண்ணப்போறே சார், ரெண்டு மணிக்குத்தான் தொறப்பாங்கோ" என்று அவரே தடுத்து, மந்தைவெளியில் ஒரு மெஸ்ஸில் இறக்கிவிட்டுக் காத்திருந்தார். சரசு இலையில் எதையும் தொடவில்லை.

தோட்டத்துக்குள் ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு கோயில் உண்டு. குளத்தை ஒட்டி இருக்கும் சின்னக் கல் கட்டடத்தில் புத்தர். பூசாரி இல்லை, உண்டியல் இல்லை. அன்று இலங்கையிலிருந்து புத்தகயாவுக்குப் போகிற வழியில் ஏழெட்டு யாத்ரீகர்கள் வெள்ளை உடுத்தி, ஒரு பிக்குவோடு வந்திருந்தார்கள். கண்டியைச் சேர்ந்த வயதான சிங்கள அம்மா ஒருவர் தமிழ் பேசினார். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து கற்றுக்கொண்டாராம். இறந்துபோன தன் கணவருக்குப் புண்ணியம் சேர்க்கிறோம், குவளையில் தண்ணீர் வார்ப்போம், பிக்கு ஓதுவார் என்று விளக்கினார். சரசு முகத்தைப் பார்த்தவர், உங்களுக்கும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

சரசு தலையாட்டினாள். நட்சத்திரம் சொல்லவேண்டுமா என்று கேட்டாள்.

"அது வேணாம் மகள். பேரு போதும். ஆனா இறந்தவங்கன்னு சொல்லித்தான் புண்ணியத்தக் குடுக்கணும்" என்றார் அந்த அம்மா.

தண்ணீர்க் கூஜாவை எங்கள் இருவர் கையிலும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். சரசு வாய் திறக்கிறாள், மூடுகிறாள். பொறுக்க முடியாமல் நானே சொல்லிவிடப் போனேன், அந்த அம்மா என் தோளைத் தொட்டு நிறுத்தினார். பிக்கு அவசரப்படவே இல்லை.

"சுகன்யா. எங்க பொண்ணு. செத்துப்போயிட்டா."

கூஜாவைச் சாய்த்தோம். தண்ணீர் குவளையில் நிரம்பி, அடியில் இருந்த தட்டில் வழிந்தது. பிக்கு ஓதியதில் எங்களுக்குப் புரிந்தது அவள் பேர் மட்டும்தான், அதுவும் சுகஞ்ஞா என்று அவர் வாயில் உருமாறி வந்தது. சரசு அந்தக் கல் தரையில் உட்கார்ந்து, ஒரு வருஷத்து அழுகையை அழுதாள். நானும் அழுதேன். தோட்டத்தை மூடும் நேரம் என்று காவலாளி வந்து நின்றார், ஆனால் எழுப்பவில்லை.

போகிறவர்களுக்கு: மயிலாப்பூரில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள். அடையாறு தோட்டம் அப்போது காலையிலும் மதியத்திலும் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும், ஞாயிறு கிடையாது. இப்போது எப்படி என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். துக்கத்தோடு போகிறவர்கள், அர்ச்சனையில் யார் யார் பேரைச் சொல்வது என்று வீட்டிலேயே பேசிவிட்டுப் போங்கள். அதைப் பேசுவதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

அமைதி கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. மகள் பேரை வீட்டில் சொல்ல முடிகிறது, அவ்வளவுதான். இப்போதும் வருஷத்துக்கு ஒரு தடவை மயிலாப்பூர் போகிறோம். குருக்கள் கேட்கும்போது சரசு என் பேரையும் தன் பேரையும் சொல்கிறாள். அவ்வளவுதானா என்று அவர் நிமிர்ந்து பார்ப்பார். இன்னொரு பேர் சொல்ல ஆகும் நேரம் அவள் பேசாமல் நிற்பாள். பிறகு, அவ்வளவுதான் சாமி என்பாள்.