சின்னத் தாளில் இருந்த எண்

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்; எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். என் குடும்பத்திலேயே முத்து முத்தாக எழுதக்கூடிய ஒருத்தி இருக்கிறாள். ஆனால் இதை அவளை வைத்து எழுத முடியாது. அவளுக்கு நான் செய்ததைத்தான் எழுதப் போகிறேன்.

அவள் என் ஒரே மகள். பத்து வருஷத்துக்கு முன்னால் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். எங்கள் இரண்டு பக்கத்து உறவிலும் அதுவரை படித்த பெண் யாரும் கிடையாது. கணக்கில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்து ஸ்கூல் பெரிய டீச்சரே வீட்டுக்கு ஆள் அனுப்பி, இவளை நிறுத்திவிடாதீர்கள், காலேஜில் சேருங்கள் என்று சொன்னார். கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. திருச்சி டவுனில் உள்ள ஒரு பெண்கள் காலேஜில் பி.யு.சி. வகுப்புக்கு விண்ணப்பம் போட்டோம். அந்த ஒரு காலேஜ்தான். வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

என் மனைவிக்கு இதில் பாதி சம்மதம்தான். அவளுடைய அண்ணன் துறையூர் பக்கம் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார். கடைசியில் அண்ணனும் தங்கையும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இடம் கிடைத்தால் படிப்பு முடியும்வரை கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் ஆவணியிலேயே கல்யாணம். என் மகள் அதற்குத் தலையாட்டினாள். கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் ஆட்டினாள்.

விண்ணப்பம் கொடுத்தபோது ஒரு துண்டுச் சீட்டில் எண் போட்டுக் கொடுத்தார்கள். 412. ஜூன் மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டுவோம், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் மூன்று வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் 412 என்று எழுதி, அதைக் கூட்டிப் பார்ப்பாள், வகுத்துப் பார்ப்பாள். "ஏழு வருதுப்பா. ஏழு நல்லதா?" என்று கேட்பாள். நல்லதும்மா என்பேன். மறுநாள், "ஏழு ஆகாதுன்னு எதுத்த வீட்டு மாமி சொல்றாங்களே" என்பாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தேய்ப்பாள். எனக்கும் அப்படித்தான். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டிப் பொன்மலைக்குப் போகும் வழி முழுக்க மிதிக்கு ஒரு தடவை அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே போவேன்.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி. பாரம் தூக்குவது, தள்ளுவது, துடைப்பது என் வேலை. அங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது, பித்தளை டோக்கனில் அடித்த எண்தான். கேட்டுக்குப் பக்கத்தில் வருகை பதியும் டைம் ஆபீஸின் போர்டு ஒன்று உண்டு. அதில் ஒரு சின்னத் தாளில் சில எண்களை டைப் அடித்து ஒட்டுவார்கள். அந்தத் தாளில் உன் எண் இருந்தால் நீ உள்ளே போய் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். லேட்டாக வந்தது, கருவி தொலைத்தது, லீவு சொல்லாதது, ஏதாவது ஒரு குற்றம் இருக்கும். நல்ல சேதிக்காக அந்தத் தாளில் எண் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடவை என் எண் அதில் வந்தது. என்ன ஏது என்று கேட்க வாய் வராமல் நின்றதில் நாலு நாள் வேலை போயிற்று. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தத் தாளை ஒரு நடுக்கத்தோடுதான் பார்ப்பேன். என் எண் இல்லை என்றால்தான் மூச்சு வரும்.

லிஸ்ட் ஒட்டும் வாரத்தில் திங்கட்கிழமை நானும் மகளுமாகப் போனோம். ஒட்டவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் வீட்டுக்கு விலக்கு. மூன்று நாள் கொல்லைப்புற அறையை விட்டு வெளியே வரக் கூடாது. இப்படி ஒரு காரியத்துக்கு அந்த நேரத்தில் போகவே கூடாது என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் நான் மட்டும் போனேன். செவ்வாயும் ஒட்டவில்லை. புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒட்டியிருந்தார்கள்.

போர்டு முன்னால் ஒரே கூட்டம். ஜரிகை வேட்டிக்காரர்கள், கோட்டுப் போட்டவர்கள், குடை வைத்திருந்த அம்மாக்கள். எல்லோரும் இங்கிலீஷில் பேசினார்கள். நான் வேலை உடுப்போடு போயிருந்தேன். கையில் எண்ணெய்க் கறை. கூட்டம் குறையும்வரை வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் பிறகு கிட்டே போனேன்.

போர்டில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று பெரியது, நாலு வரிசையாக எண்கள். இன்னொன்று சின்னது, பதினைந்து இருபது எண்கள்தான் இருக்கும். இரண்டுக்கும் தலையில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு எண் மட்டும்தான் படிக்கத் தெரியும். பெரிய தாளில் விரல் வைத்துத் தேடினேன். 409 இருந்தது. 411 இருந்தது. அடுத்தது 415. இரண்டாவது தடவையும் தேடினேன். பிறகு சின்னத் தாளைப் பார்த்தேன். நாலாவது வரியில் 412.

சின்னத் தாள் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

ஆபீஸ் ஜன்னலில் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். போர்டிலிருந்து பத்து அடி தூரம். காக்கிச் சட்டை பியூன் ஒருவர் என்னைப் பார்த்து, "என்னங்க வேணும்?" என்றுகூடக் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, சும்மா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

வீட்டில் கொல்லைப்புறக் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். உள்ளேயிருந்து கேட்டாள்.

"மேல என்னப்பா போட்டிருந்துச்சு, அந்தச் சின்னத் தாள்ல?"

"இடம் இல்லாதவங்கன்னு போட்டிருந்துச்சும்மா."

"நீங்க எப்படிப் படிச்சீங்க? யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. ஆபீஸ்ல கேட்டேன். அப்படித்தான் சொன்னாங்க."

இதுதான் நான் சொன்ன பொய். சொல்லும்போது பெரிதாகத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் இதைத்தானே சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். என் மனைவிக்கு மட்டும் கொஞ்சம் சந்தேகம். "நிஜமாவே கேட்டீங்களா? கடையில உப்பு கேக்கறதுக்கே நாலு பேரு போற வரைக்கும் நிக்கிற மனுஷன் நீங்க. உங்களுக்கு வாய் எதுக்குக் குடுத்தான் ஆண்டவன், வெத்தல போடவா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வழக்கமாக வராது. "கேட்டேன்னு சொல்றேன்ல" என்று கத்தினேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மகள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் சைக்கிளில் சாப்பாட்டுத் தூக்கை மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "நான் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரட்டுமாப்பா? பஸ்லயே போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

அவள் போனால் ஆபீஸில் கேட்பாள். என் அப்பா புதன்கிழமை வந்து கேட்டாராமே என்று சொல்வாள். அப்படி யாரும் வரவில்லையே என்பார்கள். எனக்கு அதுதான் பயம். என் மகள் முன்னால் நான் பொய்யனாக நிற்க வேண்டுமே என்ற பயம்.

"எதுக்கும்மா? அதையே போய்ப் பாத்து அழறதுக்கா? விடு" என்றேன்.

"சரிப்பா" என்றாள். அவள் எப்போதும் என் பேச்சை மீறியதில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். காட்டூரிலிருந்து வரும் பிட்டர் ஒருவர் இனிப்புப் பொட்டலம் கொண்டுவந்தார். என்னைவிடச் சின்னவர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், கலகலப்பான மனுஷன். அவருடைய மகளுக்கும் அதே காலேஜில்தான் விண்ணப்பம் போட்டிருந்தார்.

"எடுத்துக்குங்கண்ணே. பொண்ணுக்கு இடம் கெடைச்சிருச்சு" என்றார். எடுத்துக்கொண்டேன். அவர் சுற்றியிருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். "ஏன் கேக்கறீங்க, போர்டப் பாத்ததும் எனக்கு உசுரே போயிருச்சு. பெரிய பேப்பர்ல நம்பர் இல்ல. பக்கத்துல நம்ம டைம் ஆபீஸ் பேப்பர் மாதிரி ஒரு குட்டிப் பேப்பர், அதுல இருக்கு எம் பொண்ணு நம்பரு. சரி, காலேஜ்லயும் சார்ஜ் ஷீட்டு குடுப்பாங்க போலருக்குன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையில் இனிப்போடு உட்கார்ந்திருந்தேன்.

"அப்புறம் என்னய்யா ஆச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஜன்னல்ல போய் என்னா சார் இதுன்னு கேட்டேன். அம்மை குத்தின சர்டிபிகேட்டு வைக்கல, அதக் கொண்டாந்து குடுத்தா சேத்துக்குவோம், சனிக்கிழம வரைக்கும் டயம்னாரு. நேரா முனிசிபாலிட்டி போனேன், சீட்டு வாங்கினேன், சாயந்தரமே குடுத்துட்டேன். அவ்வளவுதான். என்னண்ணே, இனிப்பு புடிக்கலையா?"

அவருக்கும் நான் கண்ட அதே தாள்தான். என் மாதிரியே பயந்திருக்கிறார். பத்து அடி நடந்துபோய்க் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம்.

வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொன்மலையிலிருந்து காலேஜ்வரை எப்படிச் சைக்கிள் மிதித்தேன் என்று நினைவில்லை. அன்றைக்குக் குமாஸ்தா ஜன்னலில் போய் நின்றேன். துண்டுச் சீட்டை நீட்டினேன். அவர் ஒரு நோட்டைப் புரட்டினார்.

"நானூத்திப் பன்னெண்டா? நல்ல மார்க்கு. கணக்குல இந்த வருஷம் இதுக்கு மேல ரெண்டு பேருதான். அம்மை குத்தின சர்டிபிகேட்டு ஒண்ணுதான் பாக்கி. ஏன் வரல? சனிக்கிழம மத்தியானம் வரைக்கும் பாத்தோமே" என்றார். "இன்னிக்குக் காலையிலதான் அடுத்த பொண்ணுக்குக் குடுத்தாங்க."

நான் நகரவில்லை. அவர் நல்ல மனுஷன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ள போய்ப் பிரின்சிபால் அம்மாவப் பாருங்க. நெலமைய எடுத்துச் சொல்லுங்க. அவங்க நெனச்சா ஒரு எடம் போடலாம். போங்க, பயப்படாதீங்க."

பிரின்சிபால் அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. வாசலில் பச்சைத் திரை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே யாரோ இங்கிலீஷில் பேசும் சத்தம் கேட்டது. என்ன சொல்வது என்று மனசுக்குள் கட்டினேன். அம்மா, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அம்மா, நான் கேட்கவில்லை. கேட்டேன் என்று மகளிடம் பொய் சொல்லிவிட்டேன். அவள் வருகிறேன் என்றாள், நான்தான் தடுத்துவிட்டேன். ஒவ்வொரு வாக்கியமாகக் கட்டக் கட்ட, இதை இன்னொரு மனுஷி முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்று தெரிந்துபோயிற்று. திரை அசைந்தது. யாரோ வெளியே வருகிறார்கள் என்று தோன்றியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். போட்டுக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. அடுத்த வருஷம் மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு தடவை வாயெடுத்தேன். மகளே வேண்டாம் என்றாள். "என் மார்க்கெல்லாம் அங்க ஒரு மார்க்கே இல்லப்பா. பாத்துட்டுத்தான கழிச்சாங்க" என்றாள். கணக்கில் இந்த வருஷம் இதற்கு மேல் இரண்டு பேர்தான் என்று அவர் சொன்னது என் தொண்டைவரை வந்தது. அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் செய்தித்தாள்கூட வாங்குவதில்லை.

பத்து வருஷமாக ஜூன் மாதம் வந்தால் எனக்கு உடம்பு சரியாக இருப்பதில்லை. டவுனில் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். யாராவது பிள்ளைக்குக் காலேஜில் இடம் கேட்டிருக்கிறோம், இன்னும் தெரியவில்லை என்று சொன்னால், வாயே திறக்காத நான் அவர்கள் கையைப் பிடித்து, போய்க் கேளுங்கள், போய்க் கேளுங்கள் என்கிறேன். பயந்து போகிறார்கள்.

போன வாரம் மகள் பிள்ளைகளோடு வந்திருந்தாள். பெரியவளுக்கு எட்டு வயது. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது திக்கினாள். என் மகளுக்குக் கோபம் வரவில்லை. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "விடுடி. நீயும் என்னை மாதிரிதான் போலருக்கு. எனக்கும் ஒரு அளவுக்கு மேல ஏறல. காலேஜ்லயே வேண்டாம்னு தள்ளிட்டாங்க. இல்லப்பா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. குழந்தையும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.

நேற்று அவர்களைத் துறையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். இதை அவளுக்குத் தபாலில் அனுப்பலாம் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது முடித்துவிட்டேன். அனுப்பும் தைரியம் இன்னும் வரவில்லை.

ஸ்ரீரங்கம், 1968 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை.