சுல்தான் கடலில் இறங்கிய வெள்ளிக்கிழமை

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, மெரினாவில் குழந்தைகளைக் குதிரையேற்றிப் பிழைக்கிறவன் நான். போன தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளி காலை, என் குதிரை சுல்தான் நடக்க மறுத்துவிட்டான். முன்கால்களை நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, நடுங்கிக்கொண்டே நின்றான். சுளுக்கு என்று நினைத்துச் சுடச்சுட ஒத்தடம் கொடுத்தேன். வலி கூடிப்போனது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடக்காத குதிரையின் கதி என்னவென்று எனக்குத் தெரியும்.

என் மனைவி ஸ்டெல்லா நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவள். போட்டது போட்டபடி ஓடி வந்தாள். "டாக்டருக்கு போன் பண்ட்டேன். நீ ஜெபம் பண்ணுய்யா" என்றாள்.

மணலில் முட்டிபோட்டேன். "ஆண்டவரே, இவனை நடக்க வையும்." வேறு வார்த்தை வரவில்லை. அழுதேன்.

சுல்தான் நடந்தான். அலையைக் கண்டாலே மிரளுகிறவன், நொண்டி நொண்டிக் கடலில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டான். இழுத்தேன், வரவில்லை. சாகத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

மருத்துவர் வந்து பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். குளம்பைத் தொட்டார். அதற்கு மேலே நாடி பிடித்தார்.

"சுளுக்கு இல்லைங்க, லேமினைட்டிஸ். குளம்புக்குள்ள வீக்கம். சூடே ஆகாது, குளிர்ச்சிதான் வேணும். தண்ணியில நிறுத்தச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். அவனாத்தான் போனான்."

அவர் நிமிர்ந்து சுல்தானின் முகத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நடக்க வையும் என்றுதான் கேட்டேன். எங்கே நடக்க வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரிந்திருக்கிறது.

"என்ன தீனி போட்டீங்க?" என்றார் மருத்துவர். தலை குனிந்தேன். தவக்காலத்தில் நான் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தேன். என் தவத்துக்கு வாயில்லா ஜீவன் வாடக்கூடாதென்று, அவனுக்குக் கொள்ளும் கோதுமையும் இரண்டு மடங்காகப் போட்டேன். அந்தத் தானியம்தான் குளம்பில் வினையாகிவிட்டது.

"நீ ஒருசந்தி இருந்துகினு அவனுக்கு விருந்து வெச்சியா? நல்லா கீதுய்யா உன் தவம்!" ஸ்டெல்லா திட்டிக்கொண்டே அழுதாள்.

மூன்று நாள் அவளுடைய மீன் ஐஸில்தான் சுல்தானின் கால்கள் இருந்தன. ஊசி போட்டார்கள். தானியம் நின்றது, காய்ந்த புல் மட்டும். எக்ஸ்ரேயில் குளம்பெலும்பு நகரவில்லை, பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் சொன்னபோது, அந்த இடத்திலேயே முட்டிபோட்டேன். மாதக்கணக்கில் சவாரி இல்லை. நான் ஸ்டெல்லாவோடு மீன் கூடை தூக்கினேன்.

இந்தத் தவக்காலத்திலும் நான் ஒருசந்தி. ஆனால் சுல்தானுக்கு விருந்து இல்லை, அளந்த தீனிதான். குழந்தைகள் வெல்லம் நீட்டினால் கும்பிட்டு மறுத்துவிடுகிறேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கேளுங்கள். சரியாகக் கேட்கத் தெரியாவிட்டாலும் கேளுங்கள். எனக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் முதல் சவாரிக்கு முன்னால் சுல்தான் கடலைப் பார்த்து நடக்கிறான். நான் கயிற்றை இழுப்பதில்லை. பின்னாலேயே போகிறேன்.