காற்று பார்த்து எடுத்த வீடு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாரத்துக்கான பூண்டை உரித்து வைப்பது இன்பராஜின் வேலை. மனைவி மெர்சி மற்ற நாளெல்லாம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையலில் உட்காருகிறவள். அவள் விரலுக்கு இதுவும் வேண்டாம் என்று கல்யாணமான புதிதிலேயே அவர் எடுத்துக்கொண்டது.

இன்பராஜ் மாதனூர்க்காரர். தனியார் கல்லூரி ஒன்றில் புவியியல் ஆசிரியர். இந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம். நாளைக் காலை நிர்வாகத்துக்கு அவர் பதில் சொல்லவேண்டும். மண்ணுக்கு ஒரு துறை, மழைக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று என்று இருக்கும்போது புவியியலுக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது? பதில் சரியில்லை என்றால் துறையை மூடிவிட்டு அவரைச் சுற்றுலாப் பாடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

"இன்னா சொல்லப்போறீங்க?" யூனிஃபார்மை மடித்தபடி மெர்சி கேட்டாள்.

"எல்லாம் ஒரு எடத்துல ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கெடக்குது. அதைச் சேர்த்துப் பாக்க ஒரு ஆள் வேணும்னு."

"கேக்கறவங்க கொட்டாவி விடுவாங்க. இந்த வீடு பாத்த கதையச் சொல்லுங்க."

ஆடி மாதம் பார்த்த வீடு. வீட்டுக்காரம்மா ரஃபத் ஜஹான் மெர்சிக்கு அறைகளைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் மாடியில் துண்டைத் தூக்கிப் பிடித்துக் காற்று பார்த்தார். தோல் பதனிடும் டேனரி கிழக்கே இருந்தது. காற்று மேற்கிலிருந்து வந்தது. தெருவின் சரிவு, போர்வெல் தண்ணீரின் ருசி, கம்பெனி பஸ் நிற்கும் முனை, வாடகை எல்லாவற்றையும் பார்த்தார். ஐப்பசியில் காற்று திரும்பும் என்பதும் தெரியும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இந்த வீடுதான் தேறியது.

"அது வீடு பாக்கறது மெர்சி. பாடம் இல்ல."

"பகல் பூரா தோல் நாத்தத்துல இருக்கறவ, வீட்லயாவது நல்ல காத்து வரட்டும்னு அந்தம்மாகிட்ட சொன்னீங்களாமே. என்கிட்ட சொல்லவேயில்ல."

அவர் உரித்த பல்லையே மறுபடி உரித்தார். "அத சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். துண்டும் கையுமா நின்னப்ப நானும்தான் சிரிச்சேன்."

ஐப்பசிக் காற்று கிழக்கு ஜன்னல் வழியாக அந்த நாற்றத்தைக் கொண்டுவந்தது. மெர்சி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். "வந்துட்டான் பாருங்க. மூணு மாசத்துக்கு உங்க பாடம் ஃபெயில்."

இன்பராஜ் சிரிக்கவில்லை. "மூடிட்டாங்கன்னா அந்தச் சுற்றுலாவ எடுத்துக்கட்டா?"

"மொதல்ல நாளைக்கு அந்தத் துண்டுக் கதையச் சொல்லிட்டு வாங்க." மெர்சி பூண்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். அவர் தோளில் ஒட்டியிருந்த பூண்டுச் சருகைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.